அந்த முறைப்பு

"சினிமாக்காரங்களுக்கு ஊடு தர்றதில்ல" என்று போன மாதம், தன் புது வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்த நடிகர் அழகேசனைத் திருப்பி அனுப்பிய மேனாம்பேடு ஜெகதீசன், இன்று அவரையே தேடி வந்திருந்தார்.

"உன் பேய்ப்படம் பார்த்தேன் அண்ணாத்தே. வில்லனா மிரட்டிட்டே. இத்தினி வருஷமா உன்னை எவனும் கண்டுக்கலியே. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

அழகேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரமாகத் தலை வாரிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் வாணாம், நீ மட்டும் நில்லு. சிரிக்காதே. கிணத்துலேர்ந்து ஏறி வந்து முறைப்பியே, அப்படிப் பாரு."

முறைத்தார். ஜெகதீசன் சற்றுப் பின்வாங்கித்தான் படம் எடுத்தார்.

டீ கொண்டுவந்த அழகேசனின் மனைவி மங்களம் கேட்டாள்: "போட்டோவை இன்னா பண்ணப் போறீங்கண்ணே?"

"பெருசா பிரிண்ட் போட்டு, அந்தப் புது ஊட்டு வாசல்ல மாட்டப் போறேம்மா. பூசணிக்காய் கட்டியும் கண்ணு பட்டுக்கினே கீது. இந்த மூஞ்சியைத் தாண்டி எந்தத் திருஷ்டியும் உள்ள வராது."

அழகேசன் முகத்தில் முறைப்பு இன்னும் கலையவில்லை. மங்களம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஊட்டை எங்களுக்கே வாடகைக்குத் தரலாமேண்ணே?"

ஜெகதீசன் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார்.

"திருஷ்டி பொம்மையை யாராச்சும் ஊட்டுக்குள்ள வைப்பாங்களாம்மா?"