தணிகாசலத்தின் முதல் விளைச்சல்

இறந்தவர்களை எரிக்கக் கூடாது, பயிருக்கு உரமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். தணிகாசலத்தைப் புதைத்த பாத்தியில் விளைந்த சேனைக்கிழங்கு, அவர் படம் ஒட்டிய பெட்டியில், முதல் திதிக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

"அண்ணனுக்குச் சேனை வறுவல்னா உயிராச்சே. படையலுக்கு அதையே வைங்க அண்ணி" என்றான் மங்கையின் கொழுந்தன் சபாபதி.

மங்கை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினாள். உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருந்தது.

பந்தியில் எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள்.

"லேசா நாக்கு அரிக்குது. அண்ணனுக்கு இன்னும் கோவம் தீரல!" என்றான் சபாபதி. பந்தியே சிரித்தது. "முளைய எடுத்து வச்சீங்களா அண்ணி? அடுத்த வருஷத்துக்கு நடணும்ல?"

மங்கை வாயைப் பொத்திக்கொண்டு, முளையோடு கொல்லைக்குப் போனாள். காய்ந்த தென்னை மட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் முளையை வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவள் தன் புருஷனுக்குக் கொள்ளி வைத்தாள்.