வருஷத்துக்கு ஒரு வழக்கு

ஊரிலேயே ஏழெட்டுப் பேர் மட்டும் பேசும் மொழி. அதில் வருஷத்துக்கு ஒரு வழக்காவது வராவிட்டால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையையே எடுத்துவிடுவார்கள். வருஷம் முடிய ஒரே நாள் இருந்தபோது, பூங்காவில் ரோஜா பறித்த பெரியவர் ஒருவர் கூண்டில் ஏறினார்.

"இவருக்கு வேற பாஷையே தெரியாதுங்க ஐயா" என்றாள் மொழிபெயர்க்கும் பெண். ஐந்து பாஷையில் பேரம் பேசும் தாய்மாமனைப் பற்றி இப்படிச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசவில்லை.

மாமா தாய்மொழியில் நீட்டி முழக்கினார்: "போன வருஷம் புல்தரையில படுத்தேன், இந்த வருஷம் பூ. அடுத்த தடவை உங்கண்ணனை அனுப்புடி. முட்டி வலி தாங்கலை."

"தெரியாம பறிச்சிட்டாராம் ஐயா. மன்னிச்சிடச் சொல்றார்."

நீதிபதி எச்சரித்து விட்டுவிட்டார். பதிவேட்டில் ஒரு வழக்கு ஏறியது, வேலை பிழைத்தது.

இருவரும் கும்பிட்டுவிட்டு வாசலை நெருங்கும்போது பின்னால் நீதிபதியின் குரல் கேட்டது. பிசிறில்லாமல், அவர்களுடைய அதே மொழியில்.

"முட்டி வலியோட அலையாதீங்க பெரியவரே. அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆறேன். இனிமே கூண்டுல நான் ஏறிக்கிறேன்."