கூப்பிடுகிற பெயர்

"மாசிலாமணியா? ஏண்டி, இன்னும் கண்ணே சரியா முழிக்காத பிள்ளைக்கு ரிட்டயர் ஆன ஆள் மாதிரி ஒரு பேரா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்ததே இதற்காகத்தான். நாளைக் காலை பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் மாற்றியாக வேண்டும்.

தாயில்லாத தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தவள் அவள். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை தட்டமாட்டாள். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றாள் தங்கை, குழந்தைத் துணிகளை மடித்தபடி.

"கிளாஸ்ல பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டே நரைச்சவ நான். பசங்க வாய் எனக்குத் தெரியாதா? 'மணி என்னடா ஆச்சு'ன்னு கேட்டுக் கேட்டே அழ வெச்சிடுவானுங்க. மாப்பிள்ளை, இது உங்க யோசனையா?"

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் தங்கை கணவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான்.

"இந்த வீட்ல என் யோசனையை யாரு கேட்டாங்க அண்ணி? ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று நழுவினான்.

அக்கா மாமியார் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுப் பெரியவங்க யார் பேராவதாம்மா?"

"எங்க வம்சத்துலயே அப்படி ஒருத்தர் கிடையாது. பின்னால பையன் உன்னைத்தான் திட்டுவான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உங்க தங்கச்சி கேட்டாத்தானே?" அந்த அம்மாள் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது மாமனார்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹாலில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லாரிப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். நடுவில் உடம்பு சரியில்லாமல் படுத்து, இப்போது எழுந்து நடமாடுகிறார் என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். அக்கா கும்பிட்டதற்கு ஒரு "வாங்க" கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு. உன் மாமனார் வேலைதானே? ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்துக்கிட்டே வீட்டை ஆட்டி வைக்கிறாரு. இரு, நானே கேக்குறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா!" தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டறதுன்னா என்னைத் திட்டு. அவர்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதே."

"அவ்வளவு பயமா?"

ஹாலில் குழந்தை சிணுங்கியது. தொட்டில் ஆடும் சத்தம். கூடவே பெரியவரின் குரல், மெல்ல: "மாசிலாமணி... மாசிலாமணி..."

"பாரு! வந்தவளை வான்னு சொல்ல வாய் இல்ல. இதுக்கு மட்டும்..."

அவள் முடிப்பதற்குள் அதே குரல் உரக்கக் கேட்டது. "மாசிலாமணி!"

"என்ன, தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தாள் மாமியார்.

"மாசிலாமணி."

"தண்ணி இல்லையா? அப்போ ஃபேனா?"

"மாசிலாமணி, மாசிலாமணி."

"சரி சரி, போடுறேன். அதுக்கு ஏன் கோபம்?"

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா திகைத்துப்போய்த் தங்கையைப் பார்த்தாள்.

தங்கை கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"பக்கவாதம் வந்ததிலேர்ந்து மாமா வாயில அந்த ஒரு வார்த்தைதான்க்கா வருது. நாம பேசுறது எல்லாம் புரியும். பதில் சொல்லத்தான் வாயைத் திறப்பாரு, அதுதான் வரும். பசிச்சாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். சிலருக்கு இப்படி ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். யார் பேருன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. 'இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன், என் பேரு வரக்கூடாதா'ன்னு அத்தை சிரிப்பாங்க. சிரிச்சுட்டு உள்ளே போய் அழுவாங்க."

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"வெளியாள் முன்னாடி வாயைத் திறக்கவே கூசுறாருக்கா. ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு மனசு வரலை."

தங்கை கதவிடுக்கு வழியாக ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"பிள்ளை பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவர் கையிலதான் முதல்ல கொடுத்தோம். ஆசையா ஏதோ சொல்லிக் கொஞ்ச வந்தாரு. அதேதான் வந்துது. பக்கத்துக் கட்டில்காரங்க சிரிச்சுட்டாங்க. சட்டுனு பிள்ளையை அத்தைகிட்ட கொடுத்துட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாரு. அவர் வார்த்தையை இனிமே மாத்த முடியாதுக்கா. பிள்ளைக்குத்தான் இன்னும் பேரே வைக்கலையே."

அக்கா கதவைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அவளைக் கண்டதும் பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அவள் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பேரனுக்கு என்ன பேரு மாமா? நீங்க சொல்லுங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். சமையலறை வாசற்படியில் வந்து நின்ற மருமகளைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னார்.

"மாசிலாமணி."