ஊட்டா ஆய்த்தா?

"லட்சுமம்மா, ஊட்டா ஆய்த்தா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

பெங்களூரில் யாரும் யாரையும் கேட்கிற 'சாப்பாடு ஆச்சா'தான் அது. ஆனால் அசோகன் கேட்டதும் லட்சுமம்மாவின் தையல் மெஷின் நின்றது. அவள் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

"யாருக்கு சார்?" என்றாள்.

"யாருக்குன்னா? சும்மாதாம்மா கேட்டேன்."

அவள் நம்பவில்லை. தாலியை விடாமல் அவனையே பார்த்தாள்.

பொம்மனஹள்ளியில் அந்தச் சட்டைக் கம்பெனியின் நாலாவது லைனுக்கு அசோகன் சூப்பர்வைசர். பதினொரு வருஷம் கத்தி வேலை வாங்கி, தொண்டையை வைத்தே பிழைத்தவன். இப்போது ஃப்ளோர் இன்சார்ஜ் பதவி காலி. அடுத்தவர் மனசைப் புரிந்து நடப்பவருக்குத்தான் அது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதற்காக சூப்பர்வைசர்களை மட்டும் கனிவாகப் பேசக் கற்றுத்தரும் இரண்டு நாள் கிளாஸுக்கும் அனுப்பியது.

கிளாஸ் முடிந்து இன்றுதான் முதல் நாள். மனைவி ஷோபாவுக்கு ஒன்பதாவது மாதம்; இந்த நேரத்தில் பதவி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! காலையில் அவள் இடுப்பு வலி என்றபோதுகூட எரிந்து விழாமல், "சாயந்திரம் டாக்டர்கிட்ட போலாம்மா" என்று கனிவாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அடுத்த மெஷினுக்குப் போனான்.

"ஏம்மா, முகம் வாடியிருக்கே? தண்ணி குடிக்கிறியா?"

அந்தப் பெண் ஓவென்று அழத் தொடங்கினாள்.

ஒவ்வொரு மெஷினாக நின்றது. நாற்பது பெண்களும் அவனையே பார்த்தார்கள். பயந்த முகங்கள் அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பார்வை புதிது.

மாடியில், மேனேஜரின் கண்ணாடி அறையில் டெலிபோன் அடித்தது. செல்போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; வீட்டுச் செய்தி எல்லாம் அந்த போனில்தான். நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் மேலே திரும்பின. யாரோ போனை எடுத்தார்கள். அசோகன் சட்டைக் கணக்கு எழுதும் போர்டைத்தான் பார்த்தான். மணி இரண்டு. டார்கெட்டில் பாதிகூட ஆகவில்லை.

"பவுலின், நீயாவது சொல்லு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

லைனிலேயே மூத்தவள் பவுலின். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க கத்தினா எங்களுக்கு பயமே இல்ல சார். போன வருஷம் நம்ம லைன் வனஜா வீட்டுக்காரர் லாரியில அடிபட்டு செத்தாரு. காலைல பத்து மணிக்கே போன் வந்துச்சு. சொன்னா வேலை நின்னுடும்னு, டார்கெட் முடியற வரைக்கும் மறைச்சு வெச்சீங்க. அஞ்சரைக்கு அவகிட்ட வந்து, 'ஊட்டா ஆய்த்தாம்மா'ன்னு கேட்டீங்க. எங்க அப்பா செத்த அன்னிக்கும் இதே மாதிரிதான். நீங்க கனிவா பேசினா யார் வீட்லயோ எழவு சார்."

மறைக்கச் சொன்னது மேலிடத்து உத்தரவுதான். இருந்தாலும் அசோகனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

நடுவில் போய் நின்று, பழைய தொண்டையைத் திறந்தான்.

"எல்லாரும் கேளுங்க! யார் வீட்லயும் ஒண்ணும் ஆகல! கிளாஸ்ல கத்துக் குடுத்தத பேசினேன், அவ்ளோதான்! என்ன வேடிக்கை? தைங்க!"

அந்தக் கத்தலைக் கேட்டதும்தான் அவர்களுக்கு உயிர் வந்தது. லட்சுமம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மெஷின்கள் பறந்தன. அஞ்சரைக்கு டார்கெட்டைத் தாண்டி எட்டு சட்டைகள் கூடுதல்!

புரொடக்ஷன் மேனேஜர் கேத்தரின் படி இறங்கி வந்தார். சிடுசிடுப்பில் அசோகனுக்கே குரு அவர். போர்டில் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊட்டா ஆய்த்தா அசோகன்?"

இத்தனை மெல்லிய குரலில் அவர் பேசி அவன் கேட்டதே இல்லை. பதவி கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது.

"ஆச்சு மேடம்!" என்று சிரித்தான். "நீங்களும் கிளாஸுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

"கிளாஸா? நான் எங்கயும் போகலயே," என்றார் கேத்தரின், அவன் முகத்தைப் பார்க்காமல். "கேட்ல வண்டி நிக்குது, கிளம்புங்க. ரெண்டு மணிக்கு உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சு."