அஞ்சுக்குக் கீழே போனால்

கருமத்தம்பட்டியில் எருமைகூட ‘வாங்க’ என்றுதான் கத்தும். தறிக்காரர் அப்புசாமி மட்டும் சொல்லவில்லை. பந்தலடியில் கிடந்த நாற்காலியைக் காட்டினார். சர்வே எடுக்க வந்த மெர்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“ஊட்டுல விசேஷமுங்களா?”

“பையனுக்குங்க.”

“சந்தோஷமுங்க. உங்க வருமானம், தொழில், குடும்பம், எல்லாத்துலயும் எவ்வளவு திருப்தி? பத்துக்கு மார்க் போடுங்க. அஞ்சுக்குக் கீழ போனா ஏன்னு கேட்டு எழுதோணும்.”

“கட்டாயம் கேப்பீங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப வருமானத்துக்குப் பத்து. தொழிலுக்குப் பத்து.”

“குடும்பத்துக்குங்க?”

அவர் பந்தல்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கும் பத்தே போட்டுக்குங்க.”

மெர்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த ஊரில் எந்தத் தறிக்காரரும் நாலைத் தாண்டியதில்லை.

“கொடுத்து வெச்சவருங்க நீங்க. போயிட்டு வாரேனுங்க.”

“சொல்லாமப் போங்க அம்மணி. நேத்துத்தான் பையனை எடுத்தோம். எழவூட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாது.”