முந்திரிக்கொட்டைக்கு ஒரு விருது

"அந்த ஆளு மேடை ஏறினா, நான் ஏற மாட்டேன்."

பாடகி இப்படிப் போட்டு உடைத்ததும், கலைமன்றச் செயலாளர் வாயருகே கொண்டுபோன டீயை அப்படியே கீழே வைத்தார்.

மன்றம் வருடா வருடம் உள்ளூர்க் கலைஞர் ஒருவருக்கும், கலைக்குத் தோள் கொடுக்கும் ஆர்வலர் ஒருவருக்கும் விருது கொடுக்கும். இந்த வருடம் கலைஞர், பாடகி. ஆர்வலர், இஸ்திரிக் கடைக்காரர்.

கடைக்காரருக்கு ஊருக்குள் வேறு பெயர். முந்திரிக்கொட்டை.

பாட்டோ நாடகமோ, மூன்றாவது வரிசையில் ஆஜராகிவிடுவார். பாட்டு முடியும்வரை பொறுக்க மாட்டார். நடுவிலேயே படபடவென்று தட்டிவிடுவார். பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. தகரக் கூரையில் கல்மழை விழுந்த மாதிரி இருக்கும். அவர் ஆரம்பித்தால் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

"ரசிகர்தானே, விடுங்க மேடம்" என்றார் செயலாளர். "என் நாடகத்துலகூட வசனத்துக்கு நடுவுல தட்டுவார். நம்ம நடிப்பு அப்படி, மனுஷனால அடக்க முடியலைன்னு நினைச்சுக்குவேன்."

"உங்களுக்கு வசனம். எனக்குப் பாட்டு. அந்த ஆளு தட்டினதும் எனக்கு அடுத்த வரி பறந்துடுது. அது என்ன மாதிரின்னா..." பாடகி தோட்டைத் திருகியபடி வார்த்தை தேடினார். "பாட்டோட கழுத்தைத் திருகற மாதிரி!"

பக்கத்தில் இருந்த தங்கை, அக்காவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவள், மெதுவாகச் சொன்னாள்: "பாவம்க்கா. ஒத்திகைக்குக் கடையோட பின்பக்கத்தை அவருதான் விடறாரு. போஸ்டர்கூட அவரே ஒட்டறாரு."

"ஒட்டட்டும். தட்ட வேண்டாம்."

பாடகியின் கவலை பாடகிக்கு. வயசாச்சு, மறதி வந்தாச்சு என்று இரண்டு இடத்தில் பேச்சு அடிபட்டிருந்தது. விருது விழாவில் ஒரே ஒரு பாட்டு. அதைத் தடங்கல் இல்லாமல் பாடிக் காட்டினால் அத்தனை வாயும் அடைபடும். இல்லையென்றால் இதுதான் கடைசி மேடை.

"க்கும்..." செயலாளர் தொண்டையைச் செருமினார். சொல்ல வந்ததை மறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இஸ்திரிக் கடைக்குக் கிளம்பினார்.

போன வேகத்தில் திரும்பினார்.

"பேசிட்டேன். விருதே வேணாம்னுட்டார். தட்டவும் மாட்டாராம். உட்கார்ந்து கேட்டா போதும்னார்."

"கோவிச்சுக்கிட்டாரா?" என்றாள் தங்கை.

"இல்லையே. நெஜமாவே தட்ட வேண்டாமான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டார்."

"பாத்தீங்களா கொழுப்பை!" என்றார் பாடகி.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. முந்திரிக்கொட்டை அதே மூன்றாவது வரிசையில், வெளுத்த சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் அக்குளுக்குள்.

பாடகிக்கு நிம்மதி. குரல் கணீரென்று எழுந்தது. முதல் வரி, இரண்டாவது வரி, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. 'தொல்லை இல்லைன்னா எப்படிப் பாடறேன் பாரு' என்பதுபோல் தங்கையைப் பார்த்தார்.

சரணம் வந்தது. கை தானாகக் காதுக்குப் போனது.

அடுத்த வரி வரவில்லை.

தங்கை மெட்டைத் திரும்ப வாசித்தாள். இன்னொரு முறையும் வாசித்தாள். வரவில்லை. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

பாடகி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பழக்கம். ஆனால் இன்று திட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த மனிதர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் வெளியே வரப் பார்ப்பதும், மறுபடி அக்குளுக்குள் போவதுமாக இருந்தன.

அவர் தட்டி வரி மறக்கவில்லை. வரி மறந்ததால்தான் அவர் தட்டியிருக்கிறார்.

"ஐயா..." பாடகி மைக்கிலேயே கூப்பிட்டார். "கையை எடுங்க."

"நீங்கதானம்மா வேண்டாம்னு..."

"தட்டுங்கய்யா!"

கல்மழை விழுந்தது. கூட்டமும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டது. அந்த இரைச்சலுக்குள் பாடகி மூச்சு வாங்கினார், கண்ணை மூடினார். வரி வந்துவிட்டது. பாட்டு முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

கேடயத்தை வாங்கிய கையோடு, மேடையிலிருந்தே மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பாடகி கேட்டார்: "எனக்கு மறக்கப் போகுதுன்னு உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"தோட்டைத் தொடுவீங்க. தொட்டா அடுத்த வரி வராதும்மா."

"இத்தனை வருஷமா திட்டு வாங்கினீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்க அப்புறம் மேடைக்கே வரமாட்டீங்களே."

பாடகி கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, அதை அவரிடமே கொடுக்க மேடைப் படியில் இறங்க ஆரம்பித்தார்.

நிலைமையைச் சமாளிக்க, செயலாளர் அவசரமாக மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த ரசிகர்களே! இந்த ஆண்டின் சிறந்த கலை ஆர்வலர் யார் என்றால்..." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

மூன்றாவது வரிசையில் கைதட்டல் கேட்டது.