உளியில் ஐந்தாவது நட்சத்திரம்

கடைசி விளக்கையும் அவன் அணைத்தான்.

கூரை முழுக்க நட்சத்திரங்கள் முளைத்தன. இருட்டில் நூற்றைம்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் "ஆ" என்றார்கள். வெளியே நான்கு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கோளரங்கத்துக்குள் அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

ஒன்பது வருடமாக அவள் பேசுகிறாள். கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் கருவியை அவன் ஓட்டுகிறான். இன்றோடு அந்தப் பழைய கருவிக்கு ஓய்வு. திங்கட்கிழமை முதல் கம்ப்யூட்டர் வானம்.

இன்னும் பத்து நிமிடத்தில் அவள் உளி என்ற நட்சத்திர மண்டலத்துக்கு வந்துவிடுவாள்.



உளி தென்வானத்தில் இருக்கிறது. முயல் மண்டலத்துக்குக் கீழே, புறா மண்டலத்துக்குப் பக்கத்தில். மகா மங்கல். ஊருக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதற்குப் புராணம் கிடையாது, கோயில் கிடையாது. ஜோசியர்கள்கூட அதைச் சீண்டுவதில்லை.

கோளரங்கத்துப் புத்தகத்தில் அதற்கு நான்கு நட்சத்திரங்கள்.

இந்தக் கூரையில் மட்டும் ஐந்து.

ஐந்தாவதை வைத்தவன் அவன்தான்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கையில் கொடுத்த உரையில் ஐந்து என்று அச்சாகியிருந்தது. பெரிய அதிகாரி எழுதிய உரை. அதில் தப்பு இருக்கலாம் என்று நினைக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. "எண்ணிப் பாருங்க, அஞ்சு இருக்கும்" என்றாள்.

பிள்ளைகள் எண்ணினார்கள்.

"நாலுதான் மிஸ்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

மதியம் அவள் சாப்பிடவில்லை. அதே வானத்தை மறுபடி போடச் சொன்னாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நின்று, கழுத்து வலிக்க வலிக்க ஐந்தாவதைத் தேடினாள். தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பினாள், பாவம்.

உரையில்தான் தப்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதிதாக வந்த பெண்ணிடம் பேச அவனுக்கு அவ்வளவு கூச்சம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து கருவியைத் திறந்தான். உள்ளே மெல்லிய தகடுகள். தகட்டில் ஒரு பொடித் துளை என்றால் கூரையில் ஒரு நட்சத்திரம். அம்மாவின் இன்சுலின் ஊசி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். குத்தினான். போட்டுப் பார்த்தால் அது பளீரென்று அகத்திய நட்சத்திரத்தோடு போட்டிக்கு நின்றது. கறுப்புப் பெயின்டால் அடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொட்டும் தொடாமலும் இன்னொரு முறை.

அன்றைய காட்சியில் பிள்ளைகள் ஐந்து எண்ணினார்கள்.

மைக் மேசையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. நிம்மதியில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு அவன் வானம் மொத்தத்தையும் சல்லடையாக்கியிருப்பான்.

அன்றே அவளை அவனுக்குப் பிடித்துப்போனது. அதையும் சொல்லவில்லை.

புதுக் கருவிக்குள் ஊசி நுழையாது. திங்கட்கிழமை அவள் ஐந்து என்பாள், பிள்ளைகள் நாலு என்பார்கள், மறுபடி அந்தக் குரல் உடையும். அதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால், ஒன்பது வருடம் தன்னைப் பொய் சொல்ல வைத்தவன் முகத்தில் அவள் விழிப்பாளா?

வாரம் முழுக்க முயன்றான். இன்று காலைகூட அவள் அறை வாசல்வரை போனான்.

"என்ன சார்?"

"மைக் நல்லாருக்கான்னு கேக்க வந்தேன் மேடம்."

மைக்குக்கு என்ன, நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அவள் கைவிளக்கின் அம்பு ஒளி முயலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"இதுதான் உளி. இந்த நட்சத்திரம் அறுபத்தஞ்சு ஒளியாண்டு தூரம். இதை ஒட்டி ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதோ அது ஆரஞ்சு நிறம். மொத்தம் எத்தனை, எண்ணிச் சொல்லுங்க."

"அஞ்சு மிஸ்!"

அம்பு ஐந்தாவதன் மேல் வந்து நின்றது.

அங்கிருந்து நகரவில்லை.

"நெஜ வானத்துல நாலுதான் கண்ணுங்களா. நான் சேர்ந்த ரெண்டாவது மாசமே புத்தகத்துல பாத்துட்டேன். காட்சி முடிஞ்சு வெளிய வர்ற பிள்ளைங்ககிட்ட, வாசல்ல நின்னு இத்தனை வருஷமா ரகசியமாச் சொல்லி அனுப்பிட்டிருக்கேன். இன்னிக்கு உள்ளேயே சொல்லிடறேன்."

காட்சி முடிந்தால் அவன் கருவியை மூட உள்ளேயே தங்கிவிடுவான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"இந்த அஞ்சாவது இங்க மட்டும்தான் தெரியும். பின்னாடி உக்காந்திருக்காரே, இளங்குமரன் சார், அவர் எனக்காக வெச்சது. நல்லாப் பாத்துக்குங்க."

நூற்றைம்பது தலைகள் அவன் பக்கம் திரும்பின.

அடுத்து, காட்சியை முடிக்க அவன் சூரியனை உதிக்க வைக்க வேண்டும். ஒன்பது வருடமாகத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விசை. எவ்வளவு தடவியும் கைக்கு அகப்படவில்லை.

அவள் மைக்கை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"மெதுவாப் போடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."